கை மட்டும் போதும், கழுத்து வேண்டாம்: காவிரிப் படுகையில் இதழ்களும் ரவிக்கைகளும்

கும்பகோணமோ மன்னார்குடியோ மயிலாடுதுறையோ, பெண்களுக்குத் தைக்கிற கடைக்கு வருகிறவரின் பையிலிருந்து மூன்று பொருள்கள் வெளியே வரும். சேலையிலிருந்து வெட்டிய பிளவுஸ் பிட் ஒன்று, பழைய அளவு ஜாக்கெட் ஒன்று, ஒரு படம். முன்பெல்லாம் அந்தப் படம் வார இதழிலிருந்தோ பெண்கள் இதழிலிருந்தோ கிழித்த தாளாக இருந்தது. இப்போது பெரும்பாலும் கைப்பேசியில் இருக்கிறது. படத்தில் இருப்பவர் நடிகை, அல்லது விளம்பரத்துக்கு நின்ற இளம்பெண். அவருடைய ரவிக்கையின் முதுகு முக்கால்வாசி திறந்திருக்கும். அதைக் காட்டுகிறவரோ பள்ளி ஆசிரியையாக இருப்பார், வங்கி ஊழியராக இருப்பார், பேத்தி எடுத்தவராகக்கூட இருப்பார். “கை மட்டும் இது மாதிரி வைங்கக்கா. கழுத்து அளவு ஜாக்கெட்ல இருக்கிறபடியே இருக்கட்டும், மூடினாப்ல தைங்க” என்பார். தைக்கிறவருக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. அவர் நாள்தோறும் கேட்கிற பேச்சு இது.

அடக்கமாக உடுத்த விரும்பும் பெண்ணை மனத்தில் வைத்து இங்கே எந்தப் பெரிய ஃபேஷன் இதழும் நடத்தப்பட்டதில்லை. ஆனாலும் அந்தப் பெண் அவற்றைப் புரட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறார், தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். முழுப் படத்தையும் ஏற்க வேண்டும் என்றோ, பிடிக்காவிட்டால் இதழையே தூக்கிப்போட வேண்டும் என்றோ அவர் நினைக்கவில்லை. கையை எடுத்தார், கழுத்தை விட்டார். நிறத்தை எடுத்தார், இறக்கத்தை விட்டார். இது ஒரு தேர்ச்சி. தலைமுறை தலைமுறையாக இந்த வட்டாரத்துப் பெண்களும் தையல்காரர்களும் சேர்ந்து வளர்த்தது. ஆடை வரலாறு எழுதுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை என்பது என் குறை. பட்டு நெசவைப் பற்றி எழுதியிருக்கிறோம், கோயில் சிற்பத்தின் ஆபரணங்களைப் பற்றி எழுதியிருக்கிறோம். அளவு ஜாக்கெட்டைப் பற்றி எழுதவில்லை.

படத்தில் இருக்கும் ஒரு ரவிக்கை எப்படி மாறுகிறது என்று கிட்டத்தில் பார்க்கலாம். பின்கழுத்து ஆழமாக இறங்கினால் தோள்பட்டை இரண்டு பக்கமும் நழுவும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் கழுத்துக்குப் பின்னால் கயிறு கட்டுகிறார்கள். கயிற்றின் நுனிக்கு அழகு சேர்க்க வந்தது குஞ்சம். பின்கழுத்தை ஏற்றிவிட்டால் கயிற்றுக்கு வேலையே இல்லை. ஆனால் படத்தைக் கொண்டுவந்த பெண்ணின் கண்ணைக் கவர்ந்தது குஞ்சமாகவே இருக்கலாம். அப்போது அது கைநுனிக்கு வரும். போட் நெக் என்கிற அகலக் கழுத்து, முன்பக்கம் கழுத்தெலும்பை ஒட்டி ஓடுகிறது. மார்பை நன்றாக மூடும் வெட்டு என்பதால் இதைப் பலரும் விரும்பிக் கேட்கிறார்கள். முன்பக்கம் கொக்கி வைத்தால் அந்தக் கோடு உடைந்துவிடும், ஆகவே கொக்கி முதுகுக்குப் போய்விடும். தோள்வலி உள்ள, வீட்டில் துணைக்கு ஆளில்லாத பெண்ணால் அதைத் தானாக மாட்டிக்கொள்ள முடியாது. நல்ல தையல்காரர் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, “காலர் வச்சு முன்னாடி திறக்கிற மாதிரி தைச்சுடலாம்” என்பார். காலரும் ஏதோ ஓர் இதழின் பக்கத்திலிருந்து வந்ததுதான்.

கை நீளம் இன்னொரு கணக்கு. வழக்கமான 80 சென்டிமீட்டர் பிட்டில் அரைக்கை சிக்கலில்லாமல் வந்துவிடும். முக்கால் கையோ முழுக்கையோ வேண்டுமென்றால் ஒரு மீட்டர் கொண்டுவரச் சொல்வார்கள். பட்டுச் சேலையோடு வரும் பிட் அளவில் குறுகியது. அதன் பார்டரைக் கைநுனிக்கு ஒதுக்கிவிட்டு, உடம்புக்கும் கைக்கும் எங்கே ஒட்டுப் போட்டால் வெளியே தெரியாது என்று தேடுவார் தையல்காரர். நீளக் கையை இறுக்கிப் பிடித்துத் தைத்தால் முழங்கை மடங்கும் இடத்தில் துணி இழுக்கும். பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்கக் கை தூக்கும்போது ரவிக்கை முழுவதும் மேலேறி இடுப்பு தெரியும். மூடுவதற்காகத் தைத்த ரவிக்கையே காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு அக்குள் வளைவை அதிகம் இறக்காமல் வெட்ட வேண்டும், கைச்சுற்றில் சற்றுத் தாராளம் விட வேண்டும், உயரத்தையும் கொஞ்சம் கூட்ட வேண்டும். ஃபேஷன் இதழின் படத்தில் இருப்பவர் பேருந்தில் போவதில்லை. இடுப்பில் கைவைத்து நிற்கிறார், அல்லது தூணில் சாய்ந்திருக்கிறார். அந்தப் படத்தைப் பேருந்தில் ஏறுகிற, சுவாமிக்கு விளக்கேற்றுகிற, கரும்பலகையில் எழுதுகிற உடம்புக்கு ஏற்ப மாற்றுவது முழுக்கவும் இந்தக் கடையில் நடக்கும் வேலை.

இதழ்கள் தந்தது என்ன? ‘ஃபெமினா’ 1959இல் தொடங்கியது. ‘எல்’ இந்தியப் பதிப்பு 1996இலும் ‘வோக்’ இந்தியப் பதிப்பு 2007இலும் வந்தன. படுகை ஊர்களில் இவை பேருந்து நிலையக் கடையிலும் பெரிய அழகு நிலையத்தின் மேசையிலும் கண்ணில் படுமே தவிர, வீட்டுக்கு வீடு போகவில்லை. வீட்டுக்குள் வந்தவை ‘ஆனந்த விகட’னும் ‘குமுத’மும் ‘கல்கி’யும், பிறகு ‘மங்கையர் மலர்’, ‘அவள் விகடன்’, ‘குமுதம் சிநேகிதி’ போன்ற பெண்கள் இதழ்கள். புகைப்படம் மலியாத காலத்தில் ஓவியர்களே உடையைக் கற்பித்தார்கள். அவர்களில் பெரியவரான கோபுலு 1924இல் தஞ்சாவூரில் பிறந்தவர், கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்றவர். ‘ஆனந்த விகட’னில் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடர்கதைக்கு அவர் வரைந்த பெண்களின் கொசுவமும் முந்தானையும் இந்தக் காவிரிக்கரை உடுத்தும் முறையை நன்றாக அறிந்த கையின் வேலை. கதைநாயகி மோகனா நாட்டியக்காரி. அவளை அலங்காரத்தோடும் கம்பீரத்தோடும், அதே நேரம் உடலைக் கடைபரப்பாமல் வரைய முடியும் என்று காட்டியது அந்தக் கோடு.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அடக்கமான உடையைத் தேடும் பெண்ணுக்கு எந்த இதழிலும் அதிகம் கிடைப்பது கட்டுரைப் பக்கங்களில் அல்ல, விளம்பரப் பக்கங்களில். தீபாவளி மலர்களைப் புரட்டினால் இது விளங்கும். பட்டுக்கடைக்காரர் தன் சேலை தெரிய வேண்டும் என்று நினைக்கிறார். அதனால் முந்தானை விரிகிறது, கொசுவம் அடிவரை நீள்கிறது, உடம்பு பின்னுக்குப் போகிறது. நகைக்கடைக்காரருக்குக் கழுத்து தெரிய வேண்டும், அதனால் அங்கே மட்டும் திறக்கிறார்கள். ஆகவே பட்டு விளம்பரத்தின் ரவிக்கையை அப்படியே எடுக்கலாம், நகை விளம்பரத்தின் ரவிக்கையை ஏற்றித் தைக்க வேண்டும் என்பது அனுபவப்பட்ட பெண்களுக்குத் தெரியும். கூட்டுறவு நெசவுக்குப் பெயர்பெற்ற திருபுவனத்தின் பட்டு, தன் கனத்தாலேயே உடம்போடு ஒட்டாமல் நிற்கிறது. மயிலாடுதுறையின் கூறைநாட்டில் நெய்யப்பட்ட, பட்டும் பருத்தியும் கலந்த கட்டம்போட்ட கூறைப்புடவையும் அப்படித்தான். இந்த ஊர்த் துணிகளுக்கே ஓர் அடக்கம் உண்டு. மெல்லிய ஜார்ஜெட்டும் நெட்டும் வந்தபின்தான் லைனிங் கொடுப்பது பெரிய கேள்வியானது.

‘அடக்கம்’ என்று சொல்லும்போதே சிலருக்குச் சந்தேகம் வரும். பெண்ணை மூடிவைக்கும் பழைய ஏற்பாட்டுக்கு இது புதுப்பெயரா என்பார்கள். நியாயமான கேள்வி. பதிலுக்கு இந்த மண்ணின் வரலாற்றையே பார்க்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் 1931இல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர்காலச் சுவரோவியங்களில் ஆடும் பெண்கள் நகையே மேலாடையாக நிற்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தக் கலை மேலாடை இல்லாத பெண்ணைக் கருவறையைச் சுற்றிய சுவரிலேயே வரைந்தது. மரபு என்ற பெயரால் ஒரே ஓர் ஆடைமுறையை யாரும் நிலைநாட்ட முடியாது.

அதே மண்ணில், மூடிக்கொள்ளும் உரிமையே மறுக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். பண்ணையாட்களாக இருந்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் ரவிக்கை போடத் தடை இருந்ததைக் கீழத்தஞ்சை விவசாயிகள் போராட்ட நினைவுகள் பேசுகின்றன. சவுக்கடியும், சாணத்தைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம் அது. விவசாயிகள் தலைவர் பி. சீனிவாச ராவ் போன்றோர் திரட்டிய இயக்கத்தால் 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் அந்தக் கொடுமைகளுக்கு முடிவு கட்டத் தொடங்கியது. தெற்கே, அன்றைய திருவிதாங்கூரில், தோள்சீலைக்காகப் பல பத்தாண்டுகள் போராடிய பெண்களுக்கு 1859இல்தான் அரசு ஆணை வழிவிட்டது. இவர்களுக்கு மேலாடை அடக்குமுறையின் சின்னம் அல்ல. உயிரைக் கொடுத்துப் பெற்ற மரியாதை. அந்தக் குடும்பங்களில் இன்று ஒரு பெண் கழுத்து மூடிய, கை நீண்ட ரவிக்கை கேட்டால், அவர் பழமைக்குப் போகிறார் என்று சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது.

மாறான வழியில் போனவரும் இங்கேயே உண்டு. மணலூர் மணியம்மை பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளமையில் கணவரை இழந்தவர். விவசாயத் தொழிலாளர்களுக்காக இறங்கியபின் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு வேட்டியும் சட்டையுமாக நடந்தார். ராஜம் கிருஷ்ணன் அவர் வாழ்வை ‘பாதையில் பதிந்த அடிகள்’ நாவலாக்கினார். அவர் உடையும் உடலை மூடியதுதான். ஆனால் யாருடைய உத்தரவுக்காகவும் அல்ல.

இதழுக்கும் அடக்க உடைக்கும் உள்ள உறவு நமக்கு மட்டும் உரியதல்ல. வங்கத்தில் ஞானதானந்தினி தேவி 1860களில் பம்பாய் போய், பார்சிப் பெண்களைப் பார்த்து, உள்பாவாடையும் ரவிக்கையும் சேர்ந்த சேலைக்கட்டை வகுத்துக்கொண்டார். அதைக் கற்றுத்தரத் தயார் என்று ‘பாமாபோதினி பத்ரிகா’ என்ற பெண்கள் இதழில் விளம்பரமும் செய்தார். வீட்டுக்குள் இருந்த பெண் வெளியே வருவதற்கான உடை, ஓர் இதழின் பக்கம் வழியாகப் பரவியது. இன்று நாம் ‘வழக்கமான சேலைக்கட்டு’ என்று நினைப்பதில் அந்தப் பக்கத்துக்கும் பங்கு உண்டு.

உலக அளவில் அடக்க உடைக்கென ஒரு பெயரும் ஒரு சந்தையும் வந்தது அண்மையில்தான். பிரிட்டனில் ஆய்வாளர் ரெய்னா லூயிஸ் இதை ஆய்ந்து 2013இலும் 2015இலும் நூல்கள் வெளியிட்டார். 2016இல் டோல்சே அண்ட் கபானா என்ற ஃபேஷன் நிறுவனம் அபாயா எனும் நீள அங்கி வரிசை ஒன்றை அறிமுகப்படுத்தியது. 2017இல் ‘வோக் அரேபியா’ அச்சில் வந்தது. அதே ஆண்டு ஹிஜாப் அணிந்த மாடல் ஹலிமா ஏடன் அதன் அட்டையில் இடம்பெற்றார். மேற்கில் முஸ்லிம், யூத, கிறிஸ்தவப் பெண்கள் பலர் கையாண்ட வழி அடுக்கு உடை. கையில்லாத கவுனுக்குள் முழுக்கைச் சட்டை, குட்டைப் பாவாடைக்குக் கீழே நீளக் காற்சட்டை, மேலே ஒரு கோட்டு. அவர்களுக்குக் கிடைப்பது ஆயத்த ஆடை. அதை வெட்டித் தைக்கத் தெருமுனையில் ஆள் இல்லை. ஆகவே ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுச் சமாளிக்கிறார்கள். நம் பெண்ணுக்கு அந்தச் சுற்றுவழி தேவைப்படவில்லை. துணியின் முதல் வெட்டிலேயே அவர் சொல் செல்லுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். இதை நாம் ஒரு வசதியாக மட்டும் பார்க்கக்கூடாது, உரிமையாகவே பார்க்க வேண்டும் என்பேன்.

அடுக்கு உடை இங்கே இல்லவே இல்லை என்பதும் சரியல்ல. அரசுப் பள்ளி மாணவி சுடிதாருக்கு மேல் போடும் கோட்டு அதுவே. துப்பட்டா நழுவுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை; சைக்கிள் சக்கரத்தில் அது மாட்டிக்கொள்ளும் என்ற பயமும் இல்லை. இதைவிடவும் பெரிய சான்று வயலில் இருக்கிறது. குறுவைக்கோ சம்பாவுக்கோ நடவு நடக்கும் நாளில், களை பறிக்கும் நாளில், தஞ்சாவூர் திருவாரூர் சாலையோரம் பாருங்கள். சேலைக்கு மேல் கணவருடைய அல்லது மகனுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. வெயில் தோலைச் சுடாது, நெல் தோகை கையை அறுக்காது, குனிந்து நிமிரும்போது மாராப்பை இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். சேறு பட்டாலும் கவலையில்லை. பெரிதான ஆண் சட்டையைப் பெண்ணுக்குப் போட்டுப் படமெடுத்து ஃபேஷன் இதழ்கள் புதுமை என்று காட்டுகின்றன. எங்கள் ஊர் நடவுக்காரப் பெண்கள் எந்தப் பக்கத்தையும் பார்க்காமல் அந்த முடிவுக்கு வந்தவர்கள். அவர்களை எந்த இதழும் உடைக்காகப் படமெடுத்து நான் பார்த்ததில்லை.

முஸ்லிம் ஊர்களின் கதை தனியே விரிவாக எழுத வேண்டியது. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, ராஜகிரி, நாகூர் எனப் படுகை முழுவதும் அவை இருக்கின்றன. முன்பு வெளியே போகும்போது சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டார்கள். மலாயா, சிங்கப்பூர் வணிகத் தொடர்பால் மலாய்ப் பெண்களின் தளர்ந்த நீள மேலாடையும் பாத்திக் கைலியும் பழக்கமாயின. வளைகுடாவுக்கு ஆண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியபின் கறுப்பு புர்கா பரவி வெள்ளைத் துப்பட்டியை ஒதுக்கியது. இன்று அந்த வீட்டு இளம்பெண்கள் கைநுனிப் பூவேலைக்கும் நிறத்துக்கும் மலேசிய, துபாய்ப் படங்களையும் பார்க்கிறார்கள், தமிழ்ப் பெண்கள் இதழையும் பார்க்கிறார்கள். அடக்க உடை என்றால் ஒரே நிறம், ஒரே வடிவம் என்று நினைக்கிறவர்கள் இந்த ஊர்களில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

பெண் தானே தேர்ந்தெடுக்கும் இந்த வழிக்கு நேரெதிர், உத்தரவு போடுவது. 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு நீதிபதி, 2016 ஜனவரி 1 முதல் கோயில்களுக்கு வருவோர் எதை உடுத்த வேண்டும் என்று ஆணையிட்டார். பெண்களுக்குச் சேலை, தாவணி, மேல்துணியோடு சுடிதார். கோயில் வாசலில் ஆட்கள் நின்று உடையைப் பார்த்தார்கள். அந்த ஜனவரியிலேயே இரு நீதிபதிகள் அமர்வு அதற்குத் தடை விதித்தது. அந்த ஆணை வருவதற்கு முன்பும் நம் பெண்கள் கோயிலுக்குத் தகுந்தபடிதான் உடுத்திப் போனார்கள். தடை வந்தபின்பும் அப்படித்தான் போகிறார்கள். தானே தேர்ந்தெடுத்த கழுத்து இறக்கத்துக்கும் வாசலில் நிற்பவர் அளந்து சொல்லும் இறக்கத்துக்கும் அளவு ஒன்றாகவே இருந்தாலும் அவை ஒன்றல்ல.

இந்தத் தேர்ச்சி இப்போது எதனால் குறைகிறது? ஆயத்த ரவிக்கையும் ஆயத்தச் சுடிதாரும் மலிவாக வந்துவிட்டன. மும்பையிலோ சூரத்திலோ யாரோ முடிவு செய்த கை நீளத்தைத்தான் வாங்க வேண்டும். கடையில் “கொஞ்சம் கை நீளமா இருக்கா?” என்று கேட்டால், “இதுதாங்க இப்ப ஓடுது” என்பது பதில். தனியாகக் கை வைத்துத் தைத்துக்கொள்ளத் துணித்துண்டு சிலவற்றில் உள்ளே வைத்துத் தருகிறார்கள். அது நல்ல ஏற்பாடு, ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. இன்னொரு பக்கம், தைக்கிறவர்களுக்குப் போதிய கூலி இல்லை. கல்யாண ஆரி வேலைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்களே சாதாரண ரவிக்கைத் தையல்கூலிக்குப் பேரம் பேசுகிறார்கள். கழுத்தை ஏற்றி, கையை நீட்டி, மடங்கும் இடத்தில் இழுக்காமல் தைப்பதற்கு ஆரி வேலைக்குக் குறையாத கவனம் வேண்டும்.

இந்தத் தேர்ச்சியைக் காப்பதற்கான அடித்தளம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான திட்டத்தில் கைம்பெண்கள், கைவிடப்பட்டோர், ஏழைப் பெண்களுக்கு அரசு தையல் இயந்திரம் தருகிறது. மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் பள்ளிச் சீருடை தைக்கின்றன. கிராமத்துத் திண்ணையில் இயந்திரம் போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் பலர் இந்த வழியில் வந்தவர்கள். அவர்களிடம் இயந்திரம் இருக்கிறது, பழக்கம் இருக்கிறது. புதுப் படத்தைப் பார்த்து வெட்டும் அளவுதான் அச்சில் எளிதாகக் கிடைப்பதில்லை. ஜெர்மனியில் என்னே புர்டா 1950இல் தொடங்கிய ‘புர்டா மோடன்’ இதழ் சில ஆண்டுகளிலேயே உடையின் வெட்டுத்தாளையும் இதழோடு சேர்த்துக் கொடுத்தது. படம் பிடித்தால் வாசகி தாளை விரித்து, தன் அளவுக்குக் கூட்டிக் குறைத்துத் தைத்துக்கொள்ளலாம். அதனால்தான் அது எல்லா வகைப் பெண்களுக்கும் உதவியது.

தமிழ்ப் பெண்கள் இதழ்களின் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். கோலத்துக்கும் சமையலுக்கும் இணைப்பு தருகிறீர்கள். ரவிக்கைக்கும் சுடிதாருக்கும் வெட்டு அளவு தாருங்கள். ஒரே வடிவத்தை இறங்கிய கழுத்தோடும் ஏறிய கழுத்தோடும், அரைக்கையோடும் முழுக்கையோடும் அருகருகே அச்சிடுங்கள்; எத்தனை மீட்டர் துணி வேண்டும், கொக்கி எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். படம் எடுக்க இருபது வயதுக்காரரை மட்டும் அழைக்காமல் ஐம்பது வயது ஆசிரியையையும், ஹிஜாப் அணிந்த கல்லூரி மாணவியையும், சட்டை போட்டு நடவு நடும் அம்மாவையும் அழையுங்கள். அந்த அளவுகளைச் சரிபார்த்துத் தர, கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்களையே கேளுங்கள். செய்த வேலைக்கு அவர்கள் பெயரையும் போடுங்கள், கூலியையும் கொடுங்கள்.